நோட்டக்காரர் பெயர் வைத்த பச்சைக்கல்

உப்பும் மிளகும் ஒரே விலைக்கு விற்ற காலத்தில், குமிழங்கோட்டை என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு ஒரு ராஜா, ராஜாவுக்கு ஒரு கருவூலம், கருவூலத்துக்கு ஒரு நோட்டக்காரர். நோட்டக்காரர் என்றால், மணியையும் பொன்னையும் பார்த்து இது அசல், இது போலி என்று சொல்கிறவர். எல்லோரும் உட்கார்ந்தாயிற்றா? பாதியில் எழுந்து போகிற எண்ணம் இருப்பவர்கள் இப்போதே போய்விடலாம். பாதி கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்ன ஒருவரின் கதைதான் இது.

அந்த நோட்டக்காரர் பெயர் அரியநாயகம். ஒரு கல்லைக் கையில் எடுத்தால் மூன்று சோதனை செய்வார். கண்ணால் பார்ப்பார். நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பார். தராசில் நிறுத்துப் பார்ப்பார். மூன்றும் முடிந்ததும் ஒரு சொல் சொல்வார். முப்பத்தாறு வருஷத்தில் அந்தச் சொல் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அவர் வாயில் வராத சொல்லும் ஒன்று இருந்தது. "தெரியாது" என்பதுதான் அது. "இன்னைக்கு மழை வருமா?" என்று மனைவி கேட்டால்கூட, வரும் என்பார் அல்லது வராது என்பார், தெரியாது என்று மட்டும் சொல்லமாட்டார். நம் பக்கத்திலும் இப்படி நாலு பேர் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம், விடுங்கள்.

ஒருநாள் காலையில் அரண்மனைக்கு மாடக்கண்ணு வந்தான். அவன் கிணறு வெட்டிப் பிழைக்கிறவன். இரண்டு கையும் கடப்பாரை பிடித்துப் பிடித்துக் காய்த்துப் போனவை. மண்ணுக்கடியில் எது கிடைத்தாலும் அது ராஜாவுக்குச் சொந்தம், கொண்டுவந்து கொடுப்பவனுக்குப் பரிசு உண்டு என்பது அந்த ஊர்ச் சட்டம். மாடக்கண்ணு வீட்டில் கைக்குழந்தை இருந்தது. ஒரு கறவைப் பசு கிடைத்தால் போதும் என்று அவன் நினைத்துக்கொண்டு வந்தான்.

முண்டாசை அவிழ்த்து, அதிலிருந்து ஒரு கல்லை எடுத்து நீட்டினான். அரைநெல்லிக்காய் அளவு இருந்தது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை! மழை பெய்து பத்தாம் நாள் வயலைப் பார்த்திருக்கிறீர்களா, அந்தப் பச்சை. சபையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கழுத்தை நீட்டினார்கள்.

இன்றைக்கு நகைக்கடைக்காரர்கள் பச்சை ஓபல் என்று சொல்லிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்களே, அந்த இனத்துக் கல்தான் அது. ஆனால் அன்றைக்குக் குமிழங்கோட்டையில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர் யாரும் இல்லை.

அரியநாயகம் கல்லை வாங்கினார். கண்ணால் பார்த்தார். மரகதத்துக்குள் பாசி ஓடினாற்போலக் கோடுகள் இருக்கும். இதில் ஒரு கோடும் இல்லை, மேலே மெழுகு தடவின மாதிரி ஒரு மங்கலான மினுமினுப்பு. நாக்கு நுனியில் வைத்தார். கல் நாக்கோடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தராசில் போட்டார். நாற்பது குன்றிமணி எடைதான் இருந்தது. இந்த அளவு மரகதம் என்றால் ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

முப்பத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு கல்லை அவர் பார்த்ததே இல்லை.

"என்ன நோட்டக்காரரே, இது என்ன கல்?" என்று ராஜா கேட்டார்.

சபையே அவர் வாயைப் பார்த்தது. அரியநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இளமரகதம், மகாராஜா. மரகதத்துக்குத் தங்கை முறை. ரொம்ப அபூர்வம்" என்றார். இளமரகதமாவது, தங்கையாவது! அந்த நிமிஷம் வாய்க்கு வந்த பெயர் அது. ஆனால் ராஜா தலையாட்டினார், மந்திரி தலையாட்டினார், சபை முழுக்கத் தலையாட்டியது. மாடக்கண்ணுவுக்கு ஒரு கறவைப் பசு பரிசு என்றும் ராஜா சொன்னார்.

அந்தக் கருவூலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வருகிற எந்தக் கல்லும் ஒரு பகல் முழுக்க வெண்கலக் கிண்ணத்துத் தண்ணீரில் கிடக்க வேண்டும். நீராட்டு என்று அதற்குப் பெயர். மண்ணின் கறையும் பிறர் கண்ணின் திருஷ்டியும் அதோடு போய்விடுமாம். கொண்டுவந்தவனே தன் கையால் கல்லைத் தண்ணீரில் போட வேண்டும். நோட்டக்காரர் மூடிபோட்டு அரக்கு முத்திரை வைப்பார். மாணிக்கம் குளித்திருக்கிறது, வைரம் குளித்திருக்கிறது, மரகதம் குளித்திருக்கிறது. எல்லாம் போனபடியே திரும்பி வந்தன.

கிண்ணத்தைப் பார்த்ததும் மாடக்கண்ணு முகம் மாறியது. "தண்ணியிலயா சாமி? இதத் தண்ணியில..." என்று இழுத்தான்.

"கேட்டால் ஒழிய வாயைத் திறக்காதே" என்று காவலன் அதட்டினான். மாடக்கண்ணு கல்லைத் தண்ணீரில் போட்டான். மூடி விழுந்தது, அரக்கு உருகியது, முத்திரை பதிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் எல்லோரும் கூடினார்கள். பரிசுப் பசுவைக்கூட வாசலில் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். அரியநாயகம் முத்திரையை உடைத்தார், மூடியை எடுத்தார், கிண்ணத்துக்குள் பார்த்தார். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பச்சைக்கல் இல்லை! கிண்ணத்தின் அடியில் கண்ணாடி மாதிரி ஏதோ ஒரு கூழாங்கல் கிடந்தது. தண்ணீருக்குள் தண்ணீர் கிடப்பதுபோல, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் கிடந்தது. சபையில் ஒரு பெண் "அய்யோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதுவரை முத்திரை உடையவில்லை, பக்கத்தில் யாரும் போகவில்லை. அப்படியானால் கல்லைத் தண்ணீரில் போட்ட கைதானே மாற்றியிருக்க வேண்டும்? எல்லோர் கண்களும் மாடக்கண்ணுவின் கைமேல் விழுந்தன.

"நோட்டக்காரரே, காலையில் பார்த்த கல்தானா இது?" என்று ராஜா கேட்டார்.

அரியநாயகம் கண்ணால் பார்த்தார். பச்சை இல்லை. "இது அது இல்லை" என்றார்.

"இன்னொரு தடவை பாரும்."

நாக்கில் வைத்தார். ஒட்டவில்லை, வழுக்கிக்கொண்டு விழுந்தது. "இது அது இல்லை" என்றார்.

"மூன்றாம் தடவையும் பாரும்."

தராசில் போட்டார். காலையில் நாற்பது குன்றிமணி, இப்போது நாற்பத்து நான்கு! "ஒரு கல்லின் எடை தானாகக் கூடாது மகாராஜா. கண்ணும் நாக்கும் பொய் சொன்னாலும் தராசு பொய் சொல்லாது. இது அது இல்லை" என்றார்.

மூன்று முறை சொல்லியாயிற்று. நோட்டக்காரர் மூன்று முறை சொன்னால் அது சாசனம்.

மாடக்கண்ணு ராஜாவின் காலடியில் விழுந்தான். "சாமி, அதே கல்லுதான் சாமி! நான் மாத்தல. கிணத்துக்குள்ள எடுக்கும்போதும் இப்படித்தான் கண்ணாடியா இருந்துச்சு. நெழல்ல வச்சேன், மூணு நாள்ல பச்சையாச்சு. அது தண்ணி குடிக்கிற கல்லு சாமி. குடிச்சிருக்கு, அதான் கனக்குது. காய விட்டுப் பாருங்க, திரும்பவும் பச்சையாயிரும்!"

"கல் தண்ணீர் குடிக்குமா?" என்று கேட்டு அரியநாயகம் சிரித்தார். "முப்பத்தாறு வருஷமாகக் கல்லோடு இருக்கிறேன். ஒரு கல்லும் என்னிடம் தாகமாக இருக்கிறது என்று சொன்னதில்லை." சபை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சிரிக்கத் தெரிந்த சபைக்குப் பொறுக்கத் தெரியவில்லை, பாருங்கள்.

ராஜாவை ஏமாற்றிய கையை வெட்ட வேண்டும் என்பது சட்டம். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க மூன்று நாள் தவணை. மூன்றாம் நாள் உச்சிவேளைக்குள் பச்சைக்கல் வரவில்லை என்றால், சந்தை வாசலில் மாடக்கண்ணுவின் வலது கை போய்விடும். கிணறு வெட்டுகிறவனுக்குக் கை போனால் என்ன மிச்சம்? அவன் மனைவி குழந்தையோடு வாசலில் நின்று அலறினாள். காவலர்கள் அவன் வீட்டுக்குப் போய் அடுப்பை உடைத்தார்கள், பானையைக் கவிழ்த்தார்கள், தரையை முழங்கால் ஆழம் தோண்டினார்கள். மண்தான் கிடைத்தது.

அந்தக் கண்ணாடிக் கூழாங்கல்லைச் சாட்சிப் பொருளாக அரியநாயகத்திடமே கொடுத்தார்கள். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மாடக்குழியில் போட்டார். முதல் நாள் அதைப் பார்க்கவில்லை. இரண்டாம் நாளும் பார்க்கவில்லை. போலிக் கல்லை யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்களா?

மூன்றாம் நாள் காலையில் வெற்றிலைப் பெட்டியை எடுக்க மாடக்குழிக்குள் கையை விட்டார். விட்ட கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே பச்சைக்கல் இருந்தது.

அதே அரைநெல்லிக்காய் அளவு, அதே பச்சை, அதே மெழுகு மினுமினுப்பு. யாராவது கொண்டுவந்து வைத்தார்களோ என்று கதவைப் பார்த்தார். தாழ் போட்டது போட்டபடி இருந்தது. நாக்கில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. தராசில் போட்டார். நாற்பது குன்றிமணி, ஒரு நெல் முனை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அரியநாயகம் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

'அவன் சொன்னது நிஜம். கல் தண்ணீர் குடித்திருக்கிறது. நான்தான் மூன்று முறை பொய் சொன்னேன்.'

இந்த இடத்தில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? உடனே எழுந்து சந்தைக்கு ஓடினார் என்றுதானே? அதுதான் இல்லை. பக்கத்தில் குடிக்கிற தண்ணீர்ச் செம்பு இருந்தது. அரியநாயகம் அதைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கல்லைச் செம்புக்குள் போட்டுவிட்டார்!

ஆமாம், போட்டார். தண்ணீருக்குள் இருக்கிறவரை அது கண்ணாடிதானே? கண்ணாடியாக இருக்கிறவரை அவர் சொல் தப்பாத சொல்தானே? கல்லிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. ஓரத்திலிருந்து பச்சை கரைந்துகொண்டே போனது. ஒரு நாழிகை நேரம் அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பொட்டுப் பச்சையும் போய்விட்டது.

அப்போது சந்தைப் பக்கம் முரசு சத்தம் கேட்டது. வாய் உலர்ந்துபோய், தண்ணீர் குடிக்கலாம் என்று செம்பை எடுத்தார். எடுத்தது வலது கை. முப்பத்தாறு வருஷம் தராசு பிடித்த கை. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னும் சற்று நேரத்தில் இதுபோல ஒரு கை மண்ணில் கிடக்கும், அதற்குக் காரணம் இந்தக் கை என்று நினைத்தார். செம்புக்குள் விரலை விட்டுக் கல்லை எடுத்துக்கொண்டு, மேல்துண்டுகூடப் போடாமல் தெருவில் ஓடினார்.

சந்தை வாசலில் மரக்கட்டை போட்டிருந்தது. மாடக்கண்ணுவின் கையை அதன்மேல் வைத்துக் கட்டியிருந்தார்கள். வெட்டுகிறவன் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். ராஜா யானைமேல் இருந்தார்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டு அரியநாயகம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "அவன் மாத்தல மகாராஜா! அதே கல்தான். காய்ந்தது, பச்சையாகிவிட்டது. என் கண்ணால் பார்த்தேன்!"

கூட்டம் திகைத்துப் போயிற்று. ராஜா யானையிலிருந்து இறங்கினார். "எங்கே, காட்டும்" என்றார்.

அரியநாயகம் கையை விரித்தார். உள்ளங்கையில் கண்ணாடிக் கூழாங்கல் ஈரத்தோடு கிடந்தது.

"நோட்டக்காரரே, உமக்குப் புத்தி கலங்கிவிட்டதா?" என்று ராஜா கேட்டார்.

"இல்லை மகாராஜா. காலையில் பச்சையாகத்தான் இருந்தது. என் தப்பு வெளியே வரக்கூடாது என்று நானே திரும்பவும் தண்ணீரில் போட்டேன்." சொல்லும்போதே அவர் தலை தொங்கிப் போயிற்று. முன்வரிசையில் நின்றவர்கள் அவரை விட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள். மாடக்கண்ணு மட்டும் கட்டையிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான்.

அரியநாயகம் கட்டையருகே போய் மண்டி போட்டார். மாடக்கண்ணுவின் கைக்குப் பக்கத்தில் தன் வலது கையை வைத்தார். "கல் காய மூன்று நாள் ஆகும். அதுவரை என் கையும் இங்கேயே இருக்கட்டும். பச்சையாகவில்லை என்றால் இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள்" என்றார்.

"இன்னும் மூன்று நாளா?" என்று ராஜா கத்தினார். "இந்த வெயிலில் நான் உங்கள் கல் காய்வதற்குக் காவல் இருக்க வேண்டுமா? காயத்தானே வேண்டும்? கணப்புச் சட்டியைக் கொண்டுவாருங்கள்!"

மாடக்கண்ணு துடித்துப் போனான். "வேண்டாம் சாமி! சூடு காட்டாதீங்க! அது உள்ள தண்ணி இருக்குற கல்லு. நெருப்புல வச்சா வெடிச்சிரும். நெழல்ல வச்சு, மெதுவா..."

"பார்த்தீர்களா? பயப்படுகிறான்" என்றார் ராஜா. செப்புத் தட்டில் கல்லை வைத்து, தட்டைத் தணலின்மேல் வைத்தார்கள். எல்லோரும் நெருங்கி நின்றார்கள். கல் கொஞ்சம் வெளுத்தது, பால்போல ஆயிற்று, ஓரத்தில் பச்சை எட்டிப் பார்த்தது. "வருது, வருது!" என்று யாரோ கூவினார்கள்.

படீர்!

கல் மூன்றாக வெடித்துச் சிதறியது. ஒரு துண்டு ராஜாவின் காலடியில் விழுந்தது. இன்னொன்று அரியநாயகத்தின் முழங்காலில் பட்டு விழுந்தது. மூன்றாவது மாடக்கண்ணு கட்டுண்டு கிடந்த கட்டையின்மேல் விழுந்தது. சாட்சியே போயிற்று என்று மாடக்கண்ணுவின் மனைவி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

ராஜா குனிந்து தன் காலடியில் கிடந்ததை எடுத்தார். சுட்டது, கையை உதறிக்கொண்டார். ஆறியதும் மறுபடி எடுத்துப் பார்த்தார். மேலெல்லாம் சிலந்தி வலைபோல விரிசல். ஆனால் நிறம் பச்சை. மழை பெய்து பத்தாம் நாள் வயலின் அதே பச்சை. நம்ப முடியாமல் நாக்கில் வைத்தார். கல் ராஜாவின் நாக்கோடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்துவிட்டு, கட்டையில் கிடந்த இரண்டு கைகளையும் பார்த்தார்.

"கயிற்றை அவிழுங்கள்" என்றார்.

கயிறு அவிழ்ந்ததும், "முழுசாக இருந்திருந்தால் இதற்கு என்ன விலை?" என்று கேட்டார்.

"நான் பார்த்ததிலேயே அபூர்வமான கல், மகாராஜா. வேறு ஒரு கருவூலத்திலும் இருந்திருக்காது. இப்போது விரிசல் விழுந்துவிட்டது. மோதிரத்துக்கும் ஆகாது."

"இதன் பெயர் நிஜமாகவே இளமரகதம்தானா?"

அரியநாயகம் தராசு பிடிக்கிற கையைத் தடவிக்கொண்டார். சபை இல்லை, சந்தை. நூறு பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தெரியாது, மகாராஜா" என்றார். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் வந்தது. வந்த பிறகு பார்த்தால், வானம் இடிந்து விழவில்லை.

"நாங்க தண்ணிக்கல்லுன்னு சொல்லுவோம் சாமி" என்றான் மாடக்கண்ணு, கயிறு அழுந்திய மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா. எல்லோரும் அவன் பொன் கேட்பான், நிலம் கேட்பான் என்று எதிர்பார்த்தார்கள்.

"பசு தாரேன்னு சொன்னீங்க, அதத் தாங்க சாமி. அப்புறம், எங்க வீட்டுத் தரையத் தோண்டிப் போட்டுட்டாங்க. பிள்ளைய எறக்கிவிட எடமில்ல. அத மூடச் சொல்லுங்க."

ராஜா தலையசைக்க, பசுவைக் கொண்டுவந்து அவன் கையில் பிடித்துக் கொடுத்தார்கள். அரியநாயகம் யார் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. மண்வெட்டியை வாங்கிக்கொண்டு மாடக்கண்ணுவின் பின்னால் போனார். பொழுது சாயும்வரை மண்ணை அள்ளிக் கொட்டி, மிதித்து, சாணி மெழுகிக் கொடுத்தார். மண்வெட்டியே பிடித்தறியாத கை. நான்கு இடத்தில் கொப்புளித்துவிட்டது.

அதன் பிறகும் அவர்தான் நோட்டக்காரர். தராசுப் பெட்டிக்குள் அந்த விரிசல் விழுந்த துண்டுகளில் ஒன்று கிடந்தது. பார்த்தறியாத கல்லை யாராவது கொண்டுவந்தால், அவர் முதலில் அந்தத் துண்டைத் தொட்டுக்கொள்வார். பிறகு, "எனக்குத் தெரியாது. நீ எங்கே எடுத்தாய், எப்படி இருந்தது, சொல்" என்று கல்லைக் கொண்டுவந்தவனையே கேட்பார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களே, இரண்டு கைகளைக் கட்டையில் கிடத்திய கதை இத்தோடு முடிந்தது. உங்கள் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டு எழுந்திருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை, தெரிந்ததுபோலத் தீர்ப்புச் சொல்வதுதான் பெரும் பாவம்.